ஒரே முறை சொன்னால் போதும்

நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்கு நாம் சிலை வைக்கவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போகட்டும், அதெல்லாம் சில்லறை விஷயம். ஆனால் 'ஒருங்கிணைப்புக் கூட்டம்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்த மகானுக்காவது ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்க வேண்டாமா? ஒருவர் அவசரப்பட்டு ஒரே காலையில் செய்து கெடுத்துவிடக்கூடிய வேலையை, ஏழு பேர் கூடி உட்கார்ந்து, டீ குடித்து, பதறாமல் பல காலம் பாதுகாக்க முடியும் என்று காட்டியவர் அல்லவா அவர்! நன்றி கெட்ட உலகம் ஐயா இது.

அந்த மகானின் அருள் முழுமையாக இறங்கிய இடம், 'குழந்தைகள் மற்றும் குடும்பங்களுக்கான முன்கூட்டிய ஆதரவு ஒருங்கிணைப்பு மையம்'. பெயர்ப் பலகை வாசலில் தொடங்கி, சுவரோடு நீண்டு, மூலையில் திரும்பி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் போய் முடியும். முதல் நாள் அதைப் படித்துக்கொண்டே நடந்த தையற்காரி, 'மையம்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு பஞ்சரான சைக்கிள்களைத்தான் கண்டாள். மறுபடி 'குழந்தைகள்' வரை திரும்பி நடந்து உள்ளே போனாள்.

அவள் ஒரு சீருடைத் தொழிற்கூடத்தில் சட்டைக் காலர் தைப்பவள். இடுப்பில் மகள். ஒன்றரை வயது. வீட்டில் 'பட்டு' என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களே தவிர, பட்டு திரும்ப மாட்டாள். அதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

தொழிற்கூடத்தில் வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கடகடக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்த இரைச்சலுக்கு நடுவே துணிக் குவியலில் படுத்துப் பட்டு நிம்மதியாகத் தூங்குவாள். "என்ன சமத்துடி உன் பொண்ணு!" என்று எல்லாரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். அவளுக்கும் பெருமைதான். ஒருநாள் உணவு இடைவேளையில் எல்லா இயந்திரமும் ஓய்ந்திருந்தபோது, வாசலின் இரும்பு ஷட்டர் பிடி நழுவித் தடாலென்று தரையில் விழுந்தது. அத்தனை பேரும் அலறி எழுந்தார்கள். மேற்பார்வையாளர் மேசைக்கு அடியில் பாய்ந்தார். ஷட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்த பட்டு மட்டும் நூல்கண்டை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

தாய் வீட்டுக்குப் போய்ப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். தட்டைத் தட்டிப் பார்த்தாள். முன்னால் போய் நின்றால் சிரிக்கிறாள். பின்னால் நின்றால் அம்மா என்று ஒருத்தி உலகத்திலேயே இல்லை. "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாப் பேசினவங்கதான். உன் புருஷன் பேசவே நாலு வயசு ஆச்சு" என்றாள் நாத்தனார். அவன் இப்போதும் அதிகம் பேசுகிறவன் இல்லை என்பதால் தாய் கொஞ்ச நேரம் அதை நம்பிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

'என் பொண்ணுக்குக் காது கேக்கலையோன்னு பயமா இருக்கு, கொஞ்சம் பாருங்க.' இவ்வளவுதான் அவள் சொல்ல வந்தது. மொத்தமே ஒரு மூச்சு.

காது பார்க்கும் இடமும் அந்தக் கட்டடத்திலேயே இருந்தது. மையத்தின் கூட்ட அறைக்கு நேர் எதிரே, கனமான, மெத்தை வைத்த கதவு. 'செவிப் பரிசோதனை அறை' என்று பலகை. அதற்குக் கீழே ஒரு காகிதம்: 'எதிர் அறையின் பரிந்துரையின்றிக் கதவைத் தட்டக் கூடாது.' ஆகா, எவ்வளவு பக்கம்! ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நான்கு எட்டு வைத்தால் முடிந்தது. மதியத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டபடி எதிர் அறைக்குள் நுழைந்தாள்.

அங்கே மையத்தின் ஒருங்கிணைப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். எழுந்து நிற்கும் அதிகாரியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"வாங்கம்மா, வாங்க. உட்காருங்க. டீ சாப்பிடறீங்களா? குழந்தை கீழ உட்காரட்டும், கலர் பென்சில் இருக்கு. இது உங்க வீடு மாதிரி."

"ரொம்ப நன்றி சார். என் பொண்ணுக்கு—"

மணி அடித்தது. ஒருங்கிணைப்பாளரின் கையில் மரக் கைப்பிடி போட்ட பெரிய பித்தளை மணி ஒன்று இருந்தது. அதற்குப் 'பொறுமை மணி' என்று பெயர். அடித்தால் மாடியில் தட்டச்சு செய்பவரின் விரல்கூட நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துப் பழக்கம், மணியைக் கண்டதும் தாயின் வாய் தானாக மூடிக்கொண்டது.

"நிறுத்துங்கம்மா! வீணாக்கிடாதீங்க!"

"எதை சார்?"

"உங்க கதையை. இப்ப எங்கிட்ட சொல்லிட்டீங்கன்னா, நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லும்போது அது ரெண்டாவது தடவை ஆயிடும்."

"பரவாயில்ல சார். ரெண்டு தடவை சொல்றேன்."

"உங்களுக்குப் பரவாயில்லம்மா. எங்க கொள்கைக்கு?"

அவர் சுவரைக் காட்டினார். 'ஒரே முறை சொல்லுங்கள், ஒன்றாகக் கேட்கிறோம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது. தங்கமான மனிதர். முன்பு அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தாள். தன் பிள்ளையின் கஷ்டத்தை ஒவ்வொரு அலுவலகமாகச் சொல்லிச் சொல்லி, இவரிடம் வந்தபோது பேருந்து நிறுத்தங்களை ஒப்பிப்பதுபோல் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல் ஒப்பித்தாள். இவர் அன்று இரவு சாப்பிடவில்லை. இனி எந்தத் தாயும் தன் வேதனையை ஒரு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார். செவிலியர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், பாலர் பள்ளி ஆசிரியை என்று எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். குடும்பம் ஒரே முறை சொல்ல வேண்டும். அதற்கு முன் யார் தனியாகக் கேட்டாலும் அது 'தனிக்கேட்பு' என்னும் குற்றம். அதைத் தடுக்கத்தான் மணி.

"ஒரே ஒரு வார்த்தைதான் சார்" என்றாள் தாய்.

"அந்த ஒரு வார்த்தையையும் பத்திரமா வச்சிருங்க. எல்லாரும் வரட்டும்." பிறகு அவர் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பட்டு நீல நிறப் பென்சிலால் அவருடைய காலணியை வரைந்துகொண்டிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது. "பாருங்களேன்! இந்த மணிக்கு அழாத குழந்தையே கிடையாது. இவ அசையவே இல்லை. நம்ம மையத்தோட சூழல் அப்படி. குழந்தை வந்த உடனே பாதுகாப்பா உணர்ந்துட்டா."

தாய்க்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. அவள் கண் இன்னும் மணி மேலேயே இருந்தது.

அன்று இரவு, லாரி ஓட்டப் போயிருந்த கணவன் எங்கோ ஒரு சாலையோரத்திலிருந்து தொலைபேசியில் பேசினான்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லங்க. கூட்டம் போட்டுக் கேக்கறாங்களாம்."

"கூட்டமா? நம்ம பட்டுவுக்காகவா?"

"ஆமா. நாலஞ்சு பேர் வருவாங்களாம். எல்லாரும் படிச்சவங்க."

"அடேங்கப்பா! எங்கப்பா செத்தப்போகூட இவ்ளோ பெரிய மனுஷங்க வரலையே" என்றான் அவன், உண்மையான பெருமையோடு.

முதல் கூட்டம் கூடியது. நாற்காலிகள் பளபளவென்று இருந்தன. எல்லாரும் வந்திருந்தார்கள், உளவியலாளரைத் தவிர. அவர் 'செவிமடுக்கும் கலை' என்ற பயிற்சிக்குப் போயிருந்தார். போன இடத்தில் யார் கூப்பிட்டும் தொலைபேசியை எடுக்கவில்லை. தாய் வாயைத் திறந்தாள். மணி அடித்தது. 'தாய் வந்திருந்தார். குழந்தை மிகவும் அமைதியாக இருந்தது. கூட்டம் பயனுள்ளதாக அமைந்தது' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிற்று.

வெளியே நடைவழியில் செவிலியரைத் தாய் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். நீங்க ஒருத்தராவது கேளுங்க. பட்டுவுக்கு—"

செவிலியர் இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ, எங்கிட்ட சொல்லாதீங்கம்மா! போன மாசம் ஒரு அம்மா அழுதாங்க, நான் என்னாச்சுன்னு கேட்டுட்டேன். அதுக்கே விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க."

"நான் அழ மாட்டேன் சிஸ்டர்."

"நீங்க அழுங்க, அதுக்குத் தடை இல்லை. சொல்லத்தான் கூடாது." காதைப் பொத்திய கையை எடுக்காமலே செவிலியர் படியிறங்கி ஓடினார். நல்ல பெண். தெருமுனைக்குப் போய்த்தான் கையை எடுத்தார்.

இரண்டாம் கூட்டத்துக்கு உளவியலாளர் வந்துவிட்டார். பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்து, மேசை மேல் நிரந்தரமாக நிறுத்திவிட்டார். ஆனால் பேச்சுப் பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேச முடியவில்லை. இது மையத்தின் வரலாற்றில் ஒரு சிக்கலான கட்டம். வந்தும் பேச முடியாதவரை வந்தவராகக் கொள்வதா, வராதவராகக் கொள்வதா?

"அவங்களால பேசத்தானே முடியாது? கேக்க முடியுமே?" என்றார் உளவியலாளர். தாய்க்கு உயிர் வந்தது.

"கேக்கலாம். கேட்டுட்டுச் சந்தேகம் வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று மடக்கினார் ஒருங்கிணைப்பாளர். "கேள்வி கேக்க முடியாத கேட்பு அரைக் கேட்பு. ஒரு தாயோட முழு வேதனையை அரைக் கேட்புல கரைக்கச் சொல்றீங்களா?"

பேச்சுப் பயிற்சியாளர் காற்றில் கையை ஆட்டி ஏதோ சொல்ல முயன்றார். யாருக்கும் புரியவில்லை. மேசைக்கு அடியிலிருந்து பட்டு மட்டும் எட்டிப் பார்த்து, அவர் கையசைத்ததைப் போலவே தானும் கையசைத்துச் சிரித்தாள். 'குழந்தையும் பேச்சுப் பயிற்சியாளரும் நல்லுறவு கொண்டுள்ளனர்' என்று குறிப்பில் ஏறியது.

மூன்றாம் கூட்டத்தில் எல்லாருக்கும் தொண்டை நன்றாக இருந்தது. அந்த மகிழ்ச்சியில் ஒருங்கிணைப்பாளர் குழுவை 'முழுமைப்படுத்த' விரும்பினார். வாழ்விட ஆலோசகர் என்று ஒருவரைச் சேர்த்தார். குழந்தை என்றால் வீடு, வீடு என்றால் வாழ்விடம், அவர் இல்லாமல் எப்படி? அவருக்குக் குழந்தைகள் பற்றிய அறிமுக வகுப்பு முடிகிற வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அது முடிந்ததும், வாழ்விடத்தைச் சேர்த்துவிட்டு ஊட்டச்சத்தை விட்டால் அவர் மனசு கஷ்டப்படும் என்று ஊட்டச்சத்து ஆலோசகரையும் சேர்த்தார்கள். ஏழு பேர் ஆயிற்று. ஏழு பேருக்கும் பொருந்துகிற ஒரு நாளைக் கண்டுபிடிக்க ஒரு தனிக் கூட்டம் போட்டார்கள். அதற்குக் குடும்பத்தை அழைக்கவில்லை, தொந்தரவு தரக் கூடாதே என்று.

பட்டுவின் கவுனுக்குக் கீழ் மடிப்பைத் தாய் பிரித்து இறக்கித் தைத்தாள். கொஞ்ச மாதத்தில் இன்னொரு மடிப்பையும் பிரித்தாள். பிறகு பிரிக்க மடிப்பு இல்லாமல், கீழே வேறு நிறத் துணியில் பட்டை வைத்துத் தைத்தாள். மேசைக்கு அடியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் இப்போது பட்டுவின் தலை இடித்தது.

வீட்டில் பட்டுவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். அம்மாவின் வாய் அசைவதையே உற்றுப் பார்ப்பாள். கீழ் வீட்டுப் பொடியன், பட்டுவைவிட ஆறு மாதம் சின்னவன், "அம்மா, தண்ணி! அம்மா, இங்க வா!" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பான். அவன் 'அம்மா' என்று கத்தும்போதெல்லாம் மாடியில் இவள் திரும்பிப் பார்ப்பாள். தன்னைத்தான் கூப்பிடுவதுபோல் ஒரு கணம் இருக்கும். பிறகு அடுப்பைப் பார்த்து நின்று அழுவாள். அழுகைச் சத்தம் குழந்தைக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்ததும் இன்னும் கூடுதலாக அழுகை வரும்.

இதற்கிடையே மையத்தின் புகழ் பரவியது. புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். பல குழந்தைகளை உட்கார வைத்து, மணி அடித்து, படம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் முகத்தைக் கோணிக்கொண்டு அழுதன. பட்டு மட்டும் தலைக்கு மேலே மணி ஆட, தேவதைபோல் வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் படம் சுவரொட்டியாகியது. 'எங்கள் மையத்தில் அச்சத்துக்கு இடமில்லை' என்று தலைப்பு. பேருந்து நிறுத்தத்தில், மருந்துக் கடையில், மையத்தின் வாசலில், கூட்ட அறைச் சுவரில், எங்கே பார்த்தாலும் பட்டு. தாய்க்கு ஒரு பிரதி இலவசமாகக் கொடுத்தார்கள்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா இவளுக்கு—"

மணி அடித்தது.

அந்த ஆண்டு மையத்துக்கு விருதும் கிடைத்தது. 'குடும்பங்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் சிறந்த அமைப்பு.' இந்த மையத்தில் ஒரு குடும்பமாவது தன் கதையை இரண்டாம் முறை சொல்ல நேர்ந்ததா என்று தேர்வுக் குழு துருவித் துருவி விசாரித்தது. ஒன்றுகூட இல்லை. முதல் முறை சொன்னவர்கள் யாராவது உண்டா என்று குழு கேட்கவில்லை. அது அவர்களுடைய வினாத்தாளில் இல்லை.

நான்காவதோ ஐந்தாவதோ கூட்டத்தில் ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். தாய் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். அப்போது பாலர் பள்ளி ஆசிரியை மெல்லக் கேட்டார்: "குடும்பம்னு போட்டிருக்கு. அம்மா மட்டும்தானே வந்திருக்காங்க?" அறையே அதிர்ந்துபோயிற்று. இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் போயிற்றே! ஆசிரியையைப் பாராட்டி ஒரு வரி எழுதிக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி வைத்தார்கள்.

கணவன் லாரியைப் பாதி வழியில் நண்பனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வந்து சேர்ந்தான். அன்றைக்கு முன்தினம்தான் செவிலியருக்கு மாற்றல் வந்திருந்தது. புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. கணவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னா சார் விளையாட்டு இது? எங்க பொண்ணுக்கு என்னான்னு நான் சொல்றேன், கேளுங்க. அவளுக்கு—"

மணி அடித்தது. மலைப்பாதையில் எதிரே வரும் எந்த வண்டிக்கும் ஒதுங்காத மனிதன், சட்டென்று வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. "என்னடி இது, நானே அடங்கிட்டேன்?"

"முதல் நாள் அப்படித்தாங்க இருக்கும். எனக்குப் பழகிடுச்சு."

"இவங்களுக்கு நம்ம பட்டு மேல அக்கறை இல்லையா?"

"அக்கறைதாங்க ஜாஸ்தி. அது குறைஞ்சாத்தான் யாராவது ஒருத்தர் கேப்பாங்க போல இருக்கு" என்றாள். பெரியவர்களை இப்படிப் பேசலாமா? பொறுமை போதாத பெண்.

கடைசியில் அந்தப் பொன்னாளும் வந்தது. பட்டுவுக்கு நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. உளவியலாளர் வந்துவிட்டார். பேச்சுப் பயிற்சியாளர் கணீரென்று பேசினார். வாழ்விடமும் ஊட்டச்சத்தும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஆசிரியை வந்திருந்தார், புதிய செவிலியர் பொறுப்பேற்றுவிட்டார். கணவன் லாரியை வாசலிலேயே, 'முன்கூட்டிய' என்ற சொல்லை மறைத்து நிறுத்திவிட்டு வந்திருந்தான். ஒருங்கிணைப்பாளர் நாற்காலிகளை விரலால் எண்ணினார். காலி நாற்காலி இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இன்னிக்கு நீங்க சொல்லலாம். ஒரே தடவை. நாங்க எல்லாரும் ஒண்ணாக் கேக்கப் போறோம்."

தாய் எழுந்து நின்றாள். இத்தனை காலம் அடக்கி வைத்த மூச்சை இழுத்தாள்.

"சார், என் பொண்ணுக்கு—"

கதவு திறந்தது. டீ வந்தது. டீ கொண்டு வந்தவர் குழு உறுப்பினர் அல்லவே! வெளியாள் காதில் ஒரு தாயின் வேதனை விழலாமா? ஒருங்கிணைப்பாளர் பதறிப்போய் மணியை எடுத்து, இதுவரை அடிக்காத வேகத்தில் அடித்தார். உளவியலாளர் துள்ளியதில் சான்றிதழின் கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. புதிய செவிலியர் "அம்மாடி!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டீ தட்டில் பாதி டீதான் மிச்சம்.

தாயும் வழக்கம்போல் வாயை மூடினாள். ஆனால் இந்த முறை கண்ணாடிச் சில்லு குழந்தை மேல் பட்டுவிட்டதா என்ற பயத்தில், அவள் மணியைப் பார்க்காமல் கீழே பார்த்தாள்.

பட்டு வரைந்துகொண்டிருந்தாள். தலைக்கு ஒரு முழம் மேலே மணி இன்னும் நடுங்கி ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. அவள் கருப்புக் காலணி ஒன்றுக்கு நாடா போட்டுக்கொண்டிருந்தாள்.

தாய் அப்படியே நின்றாள். இத்தனை கூட்டம், இத்தனை மணி, அத்தனையும் அவள் நினைவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. பிறகு நேராக நடந்து போய் ஒருங்கிணைப்பாளரின் கையிலிருந்து மணியை வாங்கினாள். பிடுங்கினாள் என்று சொல்வது சரியாக இருக்கும். யாரும் தடுக்கவில்லை. மணி யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கட்டுப்படுவது அந்த அறையின் பழக்கம். மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பட்டுவின் வலது காதுக்குப் பின்னால் பிடித்து அடித்தாள்.

ஏழு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். மாடியில் தட்டச்சு நின்றது.

பட்டு நாடாவுக்கு முடிச்சுப் போட்டாள்.

தாய் இடது பக்கம் போய் அடித்தாள். கை வலிக்கும் வரை அடித்தாள். ஊட்டச்சத்து ஆலோசகர் காதைப் பொத்திக்கொண்டார். வாழ்விடம் எழுந்து நின்றுவிட்டார். மணியின் நிழல் காகிதத்தில் ஆடியபோதுதான் பட்டு நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள், சிரித்தாள், காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். ஏழு ஜோடிக் காலணிகள், ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. முகவாயைப் பிடித்து அம்மாவின் முகத்தைப் படத்தின் பக்கம் திருப்பினாள்.

ஒருவர்பின் ஒருவராக எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். 'எங்கள் மையத்தில் அச்சத்துக்கு இடமில்லை' என்ற எழுத்துக்குக் கீழே, தலைக்கு மேல் மணி ஆட, பட்டு வரைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா..." என்று இழுத்தார் ஒருங்கிணைப்பாளர். "இது... இதைத்தான் நீங்க..."

"நான் ஒண்ணும் சொல்லலை சார்" என்றாள் தாய். "மணிதான் அடிச்சேன். இத்தனை நாளா நீங்க அடிச்சதுதான்."

"குறிப்புல என்னன்னு எழுதறது?" என்று பேனாவோடு கேட்டார் ஆசிரியை. "அவங்க எதுவும் சொல்லலையே."

ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். தங்கமான மனிதர் என்று முன்பே சொன்னேன். பரிந்துரைச் சீட்டில்லாமல், கூட்டத்தின் ஒப்புதலில்லாமல், தாமே பட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடைவழியைக் கடந்து எதிர்க் கதவைத் தட்டினார். மெத்தைக் கதவாதலால் தட்டிய சத்தம் உள்ளே கேட்கவில்லை. தோளால் இடித்துத் திறந்தார். அவர் வாழ்க்கையில் செய்த முதல் விதிமீறல் அதுதான். விருதுக் குழுவுக்கு அது தெரியாமல் இருந்தால் நல்லது.

உள்ளே செவிப் பரிசோதகர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. ஆளைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க, வாங்க! அப்பாடா, ஒரு குழந்தையையாவது அனுப்பினீங்களே. இந்தப் பக்கத்துல யாருக்குமே காதுல குறை இல்லை போலன்னு நினைச்சிட்டிருந்தேன். சுவரொட்டியில இருக்கற பாப்பாதானே இது? வாடா கண்ணா!"

கதவு மூடியது. நடைவழியில் ஏழு பேரும் சுவரோரம் நின்றார்கள். யாரும் யாரோடும் ஒருங்கிணையவில்லை. கணவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தாய் மட்டும் கதவைப் பார்த்தபடி நின்றாள், கையில் இன்னும் மணி இருந்தது. நாக்கு அசையாதபடி உள்ளே விரலை விட்டுப் பிடித்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் செவிப் பரிசோதகர் பட்டுவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். முன்பிருந்த சிரிப்பு இல்லை.

"ரெண்டு காதும் ரொம்பக் குறைவாத்தான் கேக்குதும்மா. பயப்படாதீங்க, கருவி வைக்கலாம். வச்சா கேக்கும். பேச்சும் வரும், ஆனா பாடுபட்டுத்தான் வரணும். பேச்சு ஊறி வளர்ற வயசுன்னு ஒண்ணு இருக்கு. அதுல பாதிக்கு மேல போயிடுச்சு. ஒன்றரை வயசுல, ரெண்டு வயசுல வந்திருந்தா இவ இந்நேரம் 'அம்மா'ன்னு உங்களைக் கூப்பிட்டிருப்பா." அவருக்குக் கோபம் வந்தது. பெற்றவர்கள் மேல் வருகிற நியாயமான கோபம். "பெத்தவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இவ்ளோ காலம் எங்கம்மா இருந்தீங்க? ஏம்மா இவ்ளோ லேட்டு?"

தாய் மணியைக் கொண்டுபோய் ஒருங்கிணைப்பாளரின் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை அடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொன்னதை ஏழு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"எதிர் ரூம்லதான் மேடம் இருந்தோம்" என்றாள். "முன்கூட்டியே உதவி பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அதான் லேட்டாயிடுச்சு."